எட்டடி நாலங்குலம்

அறை எட்டடி நாலங்குலம், ஆறடி பத்து.
நாடாவின் மறுநுனியை வசந்தரூபி
பெருவிரலால் சுவரோடு அழுத்திப் பிடிக்கிறாள்.
வெள்ளவத்தை, நாலாம் மாடி.
யன்னலுக்குக் கீழே மரைன் டிரைவ், பிறகு தண்டவாளம்,
பிறகு அளக்க ஒன்றுமில்லை, கடல்.

டொரோண்டோவில் விடியும்போது எனக்கு வேலை தொடங்கும் என்கிறாள்.
அங்கே ஒரு விசாரணை அறையில்
ஒருவன் தமிழில் சொல்வதைப் போனில் கேட்டு
மேசைக்கு மற்றப் பக்கம் இருப்பவருக்கு
ஆங்கிலத்தில் சொல்லவேணும்.
அவன் நான் என்றால் நானும் நான் என்கவேணும்.
இடையிலே ரயில் வரக்கூடாது.
அவ்வளவுதான் மிஸ்.

ரயில் வரும்.
அதை நிறுத்த எனக்கு அதிகாரமில்லை, தீனி போடலாம்.
யன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி,
மீதிச் சுவர் முழுக்க அலுமாரி,
தரையிலிருந்து சீலிங்வரை, இரண்டடி ஆழம்.
உள்ளே சேலைகளை அடுக்குங்கோ என்றேன், போர்வை, பழைய தலையணை.
காஞ்சிபுரம் கொஞ்சம் குடிக்கும்.
பருத்தி வயிறாரக் குடிக்கும்.
பட்டைப் பற்றி இப்படிப் பேசி
நான் கேட்டதேயில்லை என்று சிரித்தாள்.

அலுமாரி, மேசை, கதிரை, லாச்சி, யன்னல்.
வரைபடத்தில் ஒவ்வொன்றாய் எழுதும்போது பார்க்கிறேன்,
என் தொழிலின் சொற்கள் பாதி
இந்தக் கடலால் வந்து இறங்கியவை.
ஏற்றிவந்தவர்கள் போய்விட்டார்கள்.
சொற்களுக்குத் திரும்பிப் போகத் தோன்றவில்லை.

வைக்கவேண்டியதைப் பட்டியலாகக் கேட்டேன்,
வாட்சப்பில் வந்தது.
ஹெட்செட் இரண்டு.
அகராதி பதினொன்று, சட்டம் மட்டும் மூன்று.
கரண்ட் போனால் யூ.பி.எஸ்.
குறிப்புக் கொப்பிகள், கிழித்தெறியும்வரை வைக்க ஓரிடம்.
கதைக்கும்போது கைக்கெட்டத் தண்ணீர்.
கடைசி வரியில் பெயரில்லை, அளவு மட்டும்:
பதினாலரை, பத்து, மூன்று.
கதவுக்குப் பக்கத்தில்.

என்னவென்று கேட்கவில்லை.
எங்கள் வீட்டில் அது ஃபிரிட்ஜுக்கு மேலே இருக்கிறது,
பிளாஸ்டிக் உறையில்:
பிறப்புச் சாட்சிப்பத்திரம், காணி உறுதி,
அந்தக்காலப் பொலிஸ் பதிவுத் துண்டு.
இப்போது யாரும் கேட்பதில்லை.
யாரும் எறிவதுமில்லை.

எம்.டி.எஃப். வேண்டாம், முதல் மாரிக்கே பூரிபோல ஊதும்.
மரைன் பிளைவுட். கீல்கள் ஸ்டெயின்லெஸ்,
மற்றதையெல்லாம் உப்புக்காற்று ஆறு மாதத்தில் தின்னும்.
விஜேபால பாஸ் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டுச்
சிங்களத்தில் கேட்டார்: ஸ்குரூவா, பசையா?
இந்தப் பக்கத்து ஆட்கள் ஸ்குரூதான் கேட்பார்கள்,
வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

வசந்தரூபி உடனே சொல்லவில்லை.
கொட்டாஞ்சேனையில் ஓர் அறை,
பம்பலப்பிட்டியில் அனெக்ஸ்,
தெஹிவளையில் இரண்டு,
ஆணி அடிக்கக்கூடாதென்று ஒப்பந்தத்திலேயே எழுதிய
ஹவ்லொக் வீதி வீடு.
காலண்டரை யன்னல் கம்பியில் நூலால் கட்டிய வீடு அது.
விரலை மடித்து எண்ணிக்கொண்டு வந்தவள்
நடுவில் விட்டுவிட்டுச் சொன்னாள்:
ரெண்டும்.
ஸ்குரூவும் அடியுங்கோ, பசையும் பூசுங்கோ.

பாஸ் என்னைப் பார்த்தார்.
கதவுப் பக்கத்து லாச்சிக்கு ஸ்டொப்பர் போடவா என்றார்.
அதற்கு வேண்டாம் என்றாள், முழுக்க வெளியே வரட்டும்,
கைபிடியை மேலே வையுங்கோ,
தூக்குகிறமாதிரி.

முடிந்த அன்று மூவரும் உள்ளே நின்று கதவைச் சாத்தினோம்.
ஹெட்செட்டை மாட்டி, யாருமில்லாத லைனில்
ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தாள்:
நான் அந்த வீட்டில் ஒன்பது வருஷம் இருந்தேன்.
நான் அந்த வீட்டில்,
ரயில் வந்தது.
சேலைகள் குடித்தன. குடித்தது போக மிச்சம்
மேசைப் பென்சிலுக்குப் போய்ச் சேர,
அது மெதுவாக உருண்டு விளிம்புவரை வந்து நின்றது.

கால் அங்குல உயரத்தில் ஒரு பட்டி, தேக்கு,
மூலைகள் விரலுக்கு மழமழவென்று.
என் வரைபடத்தில் அது இல்லை.
பாஸ் யன்னல் பக்கம் திரும்பி
மரத்தூளை ஊதிக்கொண்டிருந்தார்.