வாசிக்க முடியவில்லை

மார்கழி பதினேழுக்கு நேரே
பூச்சியம் என்றிருந்தது.

ஒட்டுசுட்டான் கமநல நிலையத்தின் பின்னறை.
ஒரு செட்டை முறிந்த மின்விசிறி.
மேசைக்கடியில் பழைய கணினி,
அதன் வயிற்றுக்குள் ஹார்ட் டிஸ்க்
கறையான் மரம் தின்பதுபோல
டிக், டிக்.

அன்று மழை பெய்தது.
கரிப்பட்டமுறிப்பில் பஸ் நின்றுபோய்
செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு
முழங்கால் தண்ணீரில் நடந்தவன் நான்.
டிஸ்க்கும் அறிந்ததுதான்,
அறிந்த இடம் செத்துப்போயிருந்தது.

ஏழு தரம் வாசிக்கப் பார்த்திருக்கிறது.
ஏழு தரமும் முள் போய்த் தட்டி
வெறுங்கையோடு திரும்பியிருக்கிறது.
அதுவரை குற்றமில்லை.
இரும்பு தேயும். காந்தம் மறக்கும்.
யார்தான் தேயவில்லை இந்த ஊரில்.

குற்றம் அதற்கு மேலே இருந்ததுடையது.
கோப்புகளைக் கட்டி மேய்க்கிற அந்த முறைமை
முடியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு
வெற்றிடம் முழுக்கப் பூச்சியம் நிரப்பி
மரியாதையாக நீட்டிவிட்டது.
எக்செல் அதை மழையில்லை என்று வாசித்தது.
மழையில்லை என்று கடிதம் போனது.
வான் கதவு திறக்க ஒரு நாள் பிந்தியது.
நொச்சிக்குளத்தின் கீழே பதினொரு ஏக்கர்,
விதைத்து ஐம்பது நாள்,
தண்ணிக்குள் மூச்சடக்கிக் கிடந்தது.

இராசநாயகி அக்கா வந்து கேட்டா:
"பெய்த மழையைப் பெய்யேல்லை எண்டு
ஆர் தம்பி எழுதினது?"
ஒருவரும் எழுதவில்லை அக்கா.
அதுதான் விஷயம்.

எழுதும்போதே ஒரு கூட்டுத்தொகை குறித்து வை,
மூடை ஏற்றுகிறவன் லொறிக் கதவில்
கரியால் கோடு போடுவதுபோல.
இறக்கும்போது எண்ணிப் பார்.
குறைந்தால் சத்தம் போடு.
இன்னொரு பிரதி இருந்தால் அங்கே போய்க் கேள்.
அதுவும் பழுதென்றால் பழுதென்று சொல்.
டிஸ்க்கில் சந்தேகம் வந்துவிட்டதா,
பேனாவை மூடு,
பிறகு வாசிக்க மட்டும்தான்.

இதை எழுதி ஒட்டிக்கொண்டிருந்தேன்.
வதனா சிரித்தாள்.
ஆறு வருஷம் மண்ணைத் தூரிகையால் தடவி
மிதிவெடி எடுத்தவள், இப்போது இங்கே தட்டச்சு.
"எடுக்கேலாத இடத்தில
சிவப்புக் குச்சி நட்டிட்டுச் சுத்திப் போறதுதானே.
குச்சியைப் பிடுங்கிப்போட்டு
புல்லுப் போட்டு மூடினால் அது தோட்டமே?"

அவளின் லாச்சியில் ஒரு படிவம் கிடக்கிறது.
தமையனின் பெயர், கீழே இரண்டு பெட்டி.
இரண்டிலும் அவள் சரி போடவில்லை.
பக்கத்தில் மூன்றாவதாக ஒன்றைத்
தானே கீறி வைத்திருக்கிறாள்.

புது டிஸ்க் இரண்டு வந்தது, ஒன்றுக்கொன்று சாட்சி.
பழையதில் மிஞ்சியதை மூன்று இரவு இருந்து இறக்கினேன்.
பதினேழுக்கு நேரே இப்போது
வாசிக்க முடியவில்லை என்றிருக்கிறது.

மாவட்டத்திலிருந்து தொலைபேசி.
"அறிக்கை பிழைக்குது,
ஏதாவது ஒரு இலக்கத்தைப் போடுங்கோவன்.
நீங்கள் அண்டைக்கு நனைஞ்சனீங்கள்தானே?"

நனைந்தேன் ஐயா.
ஆனால் முழங்கால் என்பது
மில்லிமீற்றர் இல்லை.