மூன்று மணி நேரத் தாமதம்

பீடம் காலியாகி முப்பது வருடம் தாண்டிவிட்டது.
இருந்தவரின் பூட்ஸ் மட்டும் மிச்சம்,
கணுக்கால்வரை.
மழைக்காலத்தில் அவற்றில் தண்ணீர் நிற்கும்.
நாய்கள் குடிக்கும்.

அங்கே யாரை நிறுத்துவது என்று
இந்த வியாழனும் கூட்டம்.
ட்சிராவை, என்கிறது ஊரில் ஒரு பாதி.
தந்தி அலுவலகத்துப் பெண்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நான்கு, ஆகஸ்ட்.
கிளர்ச்சிக்காரர்கள் க்விரிலா ஆற்றைக் கடந்து
மலையேறி மறையும்வரை
படையைக் கூப்பிடும் தந்தியை
மடியில் போட்டுக்கொண்டு
மூன்று மணி நேரம்
சூரியகாந்தி விதை கொறித்தவள்.
கூடவே கூடாது, என்கிறது மறுபாதி.
அவள் கொறித்த விதைக்குத்தானே
மலையேறாத நம் ஆட்களைச்
சுவரோரம் நிறுத்தினார்கள்.

கசாப்புக்கடை ஒட்டியா எழுந்து
ட்சிரா தன் அப்பாவுக்குச் சித்தி முறை என்றார்.
இடது கைக்காரி, பூனைக்கண்.
சந்தேகம் இருந்தால்
நாற்பத்தேழாம் பக்கத்தைப் பாருங்கள் என்றார்.

மக்வாலா கடைசி வரிசையில் இருந்தாள்.
நாவலை எழுதியவள்.
ஒரே ஒரு தடவை கையைத் தூக்கி
"அவளை நான்தான் உண்டாக்கினேன்" என்றாள்.
தலைவர் மணியடித்தார்.
எழுத்தாளர் அம்மாவுக்கு வரலாறு தெரியாமல் இருக்கலாம்,
ஊருக்குத் தெரியும்.
இரண்டு பாதியும் சேர்ந்து கைதட்டியது
அப்போது மட்டும்தான்.

நான் வாய் திறக்கவில்லை.
நான் ஆவணக் காப்பகத்துக்காரி.
அரைச் சம்பளம், புகையும் அடுப்பு,
ஜன்னலை அதிரவைத்துப் போகும்
மாங்கனீசு லாரிகள்.
பத்து வருடத்துக்கு முன்னால்
மக்வாலா வந்து கேட்டபோது
கட்டு எண் இருநூற்றுப் பன்னிரண்டைத்
தூசி தட்டிக் கொடுத்தவள் நான்.

பதிவேட்டில் அன்றைக்கு இவ்வளவுதான்:
மழை. கம்பியில் ஈரம். இயந்திரம் ஓடவில்லை.
தந்தி மூன்று மணி நேரத் தாமதம்.
கீழே கையெழுத்து. பெண் பெயர் இல்லை.
ஷாக்ரோ கப்ரிச்சிட்ஸே,
வயது பத்தொன்பது, தற்காலிகம்.

அடுத்த கட்டு மெலிசு.
செப்டம்பர்ப் பட்டியல்.
முப்பத்தோராவது பெயர் அவன்.
காரணம் என்ற கட்டத்தில்: தாமதம்.

மக்வாலா இரண்டையும் படித்தாள்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், நெடுநேரம்.
"இவன் ஒன்றுமே செய்யலையே" என்றாள்.
"ஒன்றும் செய்யாதவனை வைத்து
முந்நூறு பக்கம் எப்படி எழுத?"

அவளைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.
நாவல் வந்த வாரம் நானும்
விடிய விடியப் படித்தேன்.
ட்சிரா தந்தியை நான்காய் மடிக்கும் இடத்தில்
என் விரலும் நடுங்கியது.
மறுநாள், பழைய தந்தி அலுவலகத்தில்
இப்போது இருக்கும் மருந்துக்கடையைத் தாண்டும்போது
மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தேன்.
எனக்குத் தெரியும்.
தெரிந்தும் பார்த்தேன்.

அந்த ஜன்னலுக்குக் கீழே இப்போது
பகலில் பூ வைக்கிறார்கள்,
இரவில் தார் ஊற்றுகிறார்கள்.
பள்ளியில் இரண்டு பையன்கள் அடித்துக்கொண்டதில்
ஒருவனுக்கு முன்பல் போயிற்று.
தலைநகரிலிருந்து தொலைக்காட்சி வந்து
தேசம் என்றால் என்ன என்று
ரொட்டிக்கடை வரிசையில் நின்றவர்களைக் கேட்டது.
ரொட்டி தீர்ந்துவிட்டது என்றாள் ஒருத்தி.
அதை ஒளிபரப்பவில்லை.

நேற்று ஒரு ஆராய்ச்சி மாணவன்.
ட்சிராவின் கோப்பு வேண்டும்.
அப்படி ஒன்று இல்லை தம்பி என்றேன்.
அழித்துவிட்டார்களா என்று கேட்டு,
நான் பதில் சொல்வதற்குள்
அழிக்கப்பட்டது என்று எழுதிக்கொண்டான்.

அவன் போனபின்
அந்த மெலிசுக் கட்டை எடுத்தேன்.
அட்டைக்குள் பார்வையிட்டோர் சீட்டு.
ஒரே கையெழுத்து, மக்வாலாவுடையது.
அடியில் என் பெயரை எழுதினேன்.
தேதி போட்டேன். நேரம், ஐந்து பத்து.
தாமதத்துக்குக் காரணம் எழுத
அந்தச் சீட்டில் கட்டம் இல்லை.