குமிழ் எண்ணுதல்

மாங்குளம் சந்தியில் நீலப் பரல் இரண்டு,
ஒன்று ஏழாயிரம்.
மூடியைத் திறந்து முகர்ந்தாள் திரவியமலர்.
"ஊறுகாய். கழுவினால் போகும்."
இரண்டாவதற்கு ஒன்றும் சொல்லவில்லை,
திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

துருப்பிடிக்காத உருக்குத் தாங்கி,
சரிந்த அடி, கீழே வால்வு
என்கிறது பயிற்சிப் புத்தகம்.
மூடிப்போன பால் சங்கத்தில் ஒன்று கிடக்கிறது.
கேட்ட காசுக்கு இரண்டு பசுவே வாங்கலாம்,
கன்றுகளோடு.

ஆகவே பரல்.
மூன்று தரம் சோடா போட்டு அலசி
வெயிலில் கவிழ்த்தோம்.

பாலைப்பழத்துக்குப் பால் உண்டு என்பது
சின்ன வயதில் உதடு ஒட்டிய எவருக்கும் தெரியும்.
பம்புக்குத் தெரியாது.
நாற்பது கிலோ பிசைந்து ஊற்றிய அன்று
இருபத்தெட்டாயிரம் ரூபாய்ப் பம்பு
வாயை ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.
மண்ணெண்ணெயில் கழுவச் சொன்னான் மெக்கானிக்.
கழுவலாம்.
பிறகு மண்ணெண்ணெய் வைன் விற்கலாம்.
தேங்காயெண்ணெய் பூசி, பல்துலக்கும் பிரஷ்ஷால்
நடுச்சாமம் வரை சுரண்டினோம்.
அன்றிலிருந்து வாளி, அகப்பை, நைலோன் துணி.

நொதிக்க இரண்டு வழி.
பழத்தோலிலேயே வந்த ஈஸ்ட்டை நம்புவது ஒன்று.
அது அம்பகாமம் காடு, ஒருவருக்கும் கட்டுப்படாது.
நல்ல நாளில் தேன் மணக்கும்,
கெட்ட நாளில் நகப்பூச்சு.
மற்றது, கொழும்பு பஸ்ஸில் வரும் ஐந்து கிராம் பொதி.
சொன்னதைச் செய்யும்,
சொல்லாததைச் செய்யாது.
நான் பொதிக்கு, அவள் காட்டுக்கு.
இரண்டு நாள் கதைக்காமல் இருந்து பார்த்தோம்.
பிறகு இன்னொரு பரல் வாங்கினோம்.

உள்ளே பிறக்கும் வாயு போகவேண்டும்,
வெளிக்காற்று வரக்கூடாது.
அதற்கான பூட்டு எந்தக் கடையிலும் இல்லை.
திரவியமலர் ஒரு சேலைன் குழாயை எடுத்தாள்.
மூடியில் துளையிட்டு, மெழுகால் அடைத்து,
மறுமுனையைத் தண்ணீர்ப் போத்தலில் அமிழ்த்தினாள்.
ஓரிடத்திலும் கை நிற்கவில்லை.
மணிக்கூட்டைப் பார்த்தபடி எண்ணினாள்,
நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு.
"நல்லாப் போகுது" என்றாள்,
ஒரு பாயிலிருந்து அடுத்த பாய்க்குப் போகிறவளின் குரலில்.

ஆடி வெயில் வெளியே முப்பத்தாறு,
நொதியின் சூடும் சேர்ந்து பரலுக்குள்ளே முப்பத்தொன்பது.
இன்னும் ஒன்றிரண்டு ஏறினால் ஈஸ்ட் செத்துப்போகும்.
பயிற்சி அலுவலர் காலால் நிலத்தைத் தட்டினார்.
"ஆறடி வெட்டுங்கோ.
மேலே பனங்குற்றி, மண்மூட்டை.
அடியிலே எப்பவும் குளிர்தான்."
செலவில்லை, கணக்கும் சரி.
திரவியமலர் வெப்பமானியைத் துடைத்து உறைக்குள் வைத்தாள்.
"அப்பிடி ஒண்டை நான் இனி வெட்டமாட்டன்."
அலுவலர் இளையவர், கண்டியில் படித்தவர்.
"மண் இறுக்கமோ?" என்று என்னைக் கேட்டார்.
இறுக்கமில்லை என்றேன்.

எனவே ஈரச்சாக்கு.
மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும்.
கிணறு எழுபது அடி தூரம்.
மதுவரித் திணைக்களப் படிவத்தில்
'குளிரூட்டும் முறை' என்றொரு கட்டம்.
'சாக்கு, வாளி, இரண்டு பேர்' என்று எழுதினேன்.
அது திரும்பி வந்தது.
மாதர் சங்கத் தலைவியும் வந்தாள்,
ஊரில் இருக்கிற குடி காணாதோ என்று கேட்க.
கேட்டுவிட்டு, விலை என்ன என்றாள்.

பொதிப் பரல் புத்தகத்தில் போட்ட நாளில் அடங்கிற்று.
சுத்தமான வைன்.
ஒரு குறையும் சொல்லமுடியாது,
வேறொன்றும் சொல்லமுடியாது.
காட்டுப் பரல் நின்றது, தொடங்கியது,
ஒருநாள் நகப்பூச்சாக மணந்தது,
மறுநாள் மழைக்கு முந்திய பற்றையாக.

நேற்று என் முறை, இரண்டு மணி.
எழும்பிப் போனால் சாக்குகள் ஏற்கெனவே ஈரம்.
போத்தலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள்.
"ஒன்பது" என்றாள்.
"மாலையில் இருபது இருந்ததே?"
"இது குறையத்தான் வேணும்.
குறைஞ்சால்தான் சரி."
சற்றுப் பொறுத்து,
போத்தலைப் பார்த்தே
அதை மறுபடியும் சொன்னாள்.
சாக்கிலிருந்து வழிந்த நீர்
என் செருப்புக்குள் வந்துவிட்டிருந்தது.