பதிலுரை

கூலிம் கிளப்பில் ஜனவரிக் கடைசியில்
செத்துப்போன ஒரு கவிஞனுக்குப் பிறந்தநாள்.
துரைமார் போய் அரை நூற்றாண்டு;
கட்டம்போட்ட பாவாடை மட்டும் போகவில்லை.
இந்த வருஷம் அதற்குள் மேனேஜர் குணாளன்.

ஊதுபைக்காரன் முன்னே,
தட்டேந்தி நான் பின்னே.
எல்லாரும் எழுந்து நின்றார்கள்,
தட்டுக்கு.
ஆட்டு இரைப்பைக்குள் ஈரல், ஓட்ஸ், மிளகு.
அதைப் பார்த்துக் கவிதை படித்தார் மேனேஜர்,
ஏதோ ஒரு வரியில் கத்தியை ஓங்கிச் செருகினார்.
என் கன்னத்தில் கொழுப்புத் தெறித்தது.
சமைத்தவளுக்கும் ஒரு மடக்கு விஸ்கி, வழக்கமாம்.
குடித்தேன்.

பிறகு பெண்களை வாழ்த்தி ஒருவர் பேசினார்,
ரொம்ப நேரம்.
பதில் சொல்ல ஒரு பெண் வேண்டுமாம்.
வரவேண்டிய டாக்டரம்மாவுக்குப் பிரசவக் கேஸ்.
"தவமணி, நீயே வா."

ஏப்ரனில் கை துடைத்தேன்.
"இரைப்பையை மூணு தண்ணி அலசணும்,
சுண்ணாம்பு போட்டுச் சுரண்டணும்.
அதுக்குப் பாட்டுல வரி இருக்கா சார்?"

குணாளன் தாளைப் புரட்டினார்,
முன்னும் பின்னும்.
ஊதுபையில் மிச்சமிருந்த காற்று
தானாக முனகி அடங்கியது.

அந்த மாதச் சம்பளத்தில்
ஐம்பது வெள்ளி கூட இருந்தது.
எதற்கென்று எழுதவில்லை.