மாதிரி போதவில்லை

வெரிபீ வாசற்கதவின் சாவி
போன வருடம் முற்பணம் கட்டி வாங்கியது.
உள்ளே போனால்
மெல்பேர்ண் குளித்ததும் கழுவியதும் கழித்ததும்
குளம் குளமாகத் தெளிந்து
கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும்.
மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவர்கள்
பத்தாவது நிமிடம் கையை எடுத்துவிடுவார்கள்.
கண் வேலை செய்யும்போது
மூக்கு லீவு எடுத்துக்கொள்ளும்.

ஆனி மாதம். தென்துருவத்துக் காற்று
கார்க் கதவைத் திறக்க விடவில்லை.
உள்ளான்கள் எல்லாம் சைபீரியாவுக்குப் போயாயிற்று.
நாங்கள் ஐந்து பேர், மூன்று தொலைநோக்கி,
மொரீன் சுட்டு வந்த இஞ்சி பிஸ்கட்.

தேடி வந்தது ஒரு கிளியை.
உள்ளங்கைக்குள் அடங்கும். புல்லின் பச்சை.
வயிற்றில் ஒரு திட்டுச் செம்மஞ்சள்,
மாம்பழம் தின்ற கையை யாரோ
அதில் துடைத்துவிட்ட மாதிரி.
டாஸ்மேனியாவில் முட்டையிட்டு
நீரிணை கடந்து இந்த உமரிப் புதர்களுக்கு வரும்,
வந்தால்.
காட்டில் மிச்சமிருப்பதையெல்லாம் கூட்டினாலும்
ஒரு கல்யாண மண்டபம் நிரம்பாது.

மற்றவர்கள் வாத்து எண்ணப் போனார்கள்.
ஒன்பது நாற்பத்திரண்டு.
உமரிக்குள்ளிருந்து ஒன்று எழும்பியது.
பச்சை, ஆனால் மற்றக் கிளிகளின் பச்சை அல்ல,
மழை விட்ட அடுத்த நிமிடத்தின் பச்சை.
குரல், ஈரக் கம்பியில் மின்சாரம் கசிவதுபோல்
ஸிட் ஸிட் ஸிட்.
நாலு விநாடி. ஐந்தாகவும் இருக்கலாம்.
வேலிக்கு அப்பால் இறங்கியதைப்
புதர் விழுங்கிக்கொண்டது.
நான் கமெராவின் மூடியைக் கழற்றவே இல்லை.

ஓடிப்போய்ச் சொன்னேன்.
மொரீன் கட்டிப்பிடித்தாள்.
துவான் கைபேசியில் இடத்தைக் குறித்தான்.
டெஸ் மட்டும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து கேட்டார்:
வயிறு பார்த்தாயா?

பார்த்தேனா.

நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
வெள்ளணுக்களை எண்ணுகிறவள்.
ஒரு கண்ணாடித் தகட்டுக்கு நூறு. ஐந்து வகை.
ஊதாச் சாயம் ஏறிய கருவைப் பார்த்து
இது இன்னது என்று சொல்வதற்குச் சம்பளம்.
யாருடைய இரத்தம் என்று பெயரைப் பார்ப்பதில்லை.
ஆசைப்படுகிற கண்
ஆசைப்பட்டதை எண்ணும்.

இரண்டு மணிநேரம் அதே புதர் முன் நின்றோம்.
நீலச்சிறகுக் கிளிகள் வந்தன, பதினேழு.
வேலிக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து
போதுமா என்று பார்த்தன.
அவையும் பச்சை. வயிறு மஞ்சள்.
சில ஆண்களுக்கு அதிலும்
செம்மஞ்சள் சாயல் உண்டென்று
டெஸ் யாரையும் பாராமல் சொன்னார்.

திரும்பும் வழியில் துவான்,
"மினி, நாங்கள் நம்புகிறோம்" என்றான்.
நம்புவதற்கு அது கடவுளா?
கிளி.

இரவு படிவத்தை நிரப்பினேன்.
இடம், நேரம்: நிச்சயம்.
காற்று: தென்மேற்கு, கடுமை.
நெற்றியில் நீலப்பட்டை: பார்க்கவில்லை.
குரல்: கேட்டேன். பிறகு ஒலிப்பதிவை
ஏழு தடவை போட்டுக் கேட்டதில்
எது நான் கேட்டது என்று தெரியவில்லை.
வயிறு:

அந்தக் கட்டத்தில் தேநீர் ஆறிப்போனது.
ஒரு சொல் எழுதினால்
உலகத்தில் ஒரு கிளி கூடிவிடும்.
கண்ணை மூடினால் செம்மஞ்சள் தெரிகிறது,
ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிதாக.
அதுதான் பயம்.

கடைசியில்
கட்டிபட்டுப் போன இரத்தக் குப்பிகளுக்கு
வேலையில் எழுதுகிற வரியையே எழுதினேன்:
மாதிரி போதவில்லை. மீண்டும் எடுக்கவும்.

மறுநாள் டெஸ் செய்தி அனுப்பினார்.
சனிக்கிழமை ஏழரைக்கு வாசலில் நிற்பாராம்.
இந்தத் தடவை பிஸ்கட் அவருடையதாம்.

கமெராவின் மூடியை
இப்போதே கழற்றி
மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டேன்.