உச்சரிக்காத எழுத்து

கிளாக்ஸ்விக் துறைமுகம், காலை ஐந்தே கால்.
நேற்றிரவு கர்னலைப் புதுப்பித்தவள் நான்தான்,
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

துவக்க வரிகள் நாலைந்து வெள்ளையாய் ஓடின.
பிறகு டிரைவர் திரையைத் தன் கையில் வாங்கும் நொடி,
வழக்கமாய் ஒருமுறை கண்சிமிட்டித் தெளியும் நொடி.
சிமிட்டியது.
தெளியவில்லை.

அணைந்த கறுப்பு இல்லை இது.
பின்விளக்கு எரிந்துகொண்டே காட்டும் கறுப்பு,
ஓரங்களில் சாம்பல் கசிகிறது.

கேப்ஸ் லாக்கைத் தட்டினேன்.
பச்சைப் பொட்டு எரிந்தது. மறுபடி தட்ட, அணைந்தது.
நாடி இருக்கிறது.
கேட்கிறது, கணக்குப் போடுகிறது,
முகம் மட்டும் காட்டமாட்டேன் என்கிறது.

வெளியே புறப்பாட்டுப் பலகையிலும் இதே கறுப்பு.
அதன் கீழே பஸ் ஓட்டும் பார்ட்டல்,
கையில் காபி, கண்ணாடியில் குறுக்காய் மழை.
"என்ன ரன்வா, இன்றைக்குத் தீவுகளுக்கெல்லாம் லீவா?"

கன்ட்ரோல், ஆல்ட், எஃப் இரண்டு.
இரண்டாவது கன்சோல் வந்திருக்க வேண்டும்.
வந்திருக்கும் என்று நம்பிப்
பயனர் பெயரை இருட்டில் அடித்தேன். என்டர்.
கடவுச்சொல்லுக்கு மட்டும் பயமே இல்லை.
அதை அடிக்கும்போது திரை என்றைக்குத்தான்
எதையாவது காட்டியது?

உள்ளே போய்விட்டேனா, வாசலிலேயே நிற்கிறேனா,
சொல்ல ஆளில்லை.
இதற்கு இன்னொரு வாய் உண்டென்று
அப்போதுதான் உறைத்தது:
டிக்கெட் பிரிண்டர்.

கர்னலின் பதிவை அதன் பக்கம் திருப்பிவிட
ஒரே ஒரு வரி.
அடித்தேன். பிரிண்டர் அசையவில்லை.
திரும்பவும் அடித்தேன். ம்ஹூம்.

எங்கள் கீபோர்டில் சாய்கோடு
ஏழின் தலைமேல் உட்கார்ந்திருக்கும்.
ஆனால் இந்த இருட்டுக்குள் இருப்பது யாருடைய கீபோர்டு?
டெஸ்க்டாப்புக்குச் சொல்லிக்கொடுத்தோம்,
கன்சோலுக்கு யாரும் சொல்லவில்லை.
அது இன்னும் அமெரிக்காவிலேயே இருக்கிறது.
விரல்களே, விசையில் அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள்.
புள்ளிக்கு வலப்பக்கம். அங்கேதான்.

கிர்ர்ரென்றது.
மூன்று விரல் அகலத் தாள்,
மேசையிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து என் பூட்ஸுக்கு.
மெமரி இவ்வளவு. கடிகாரம் சரி.
யுஎஸ்பியில் பிரிண்டர் ஒன்று தென்படுகிறது
என்று அந்தப் பிரிண்டரே அடித்துத் தந்தது.

பார்ட்டல் உள்ளே வந்து ஒரு முனையைப் பிடித்தார்.
கைமாற்றிக் கைமாற்றிப் போனவர்
ஓரிடத்தில் நிறுத்தினார்.
"இங்கே 'தோல்வி' இரண்டு முறை இருக்கிறது."

கிராஃபிக்ஸ் சில்லுக்கான ஃபர்ம்வேர்.
பிழை எண் கழித்தல் இரண்டு,
அப்படி ஒரு கோப்பே இல்லை என்று அர்த்தம்.
கர்னலை மாற்றியவள்
அதன் கூட்டாளியைக் கூட்டிவரவில்லை.
அரைமணி நேரமாய் நான் உருவி உருவிச் செருகிய கேபிள்,
பாவம், ஒன்றும் செய்யவில்லை.

முதல் பஸ் ஆறு மணிக்கு.
மறுபடி துவக்கி, மெனுவில் ஒரு சொல் சேர்த்தேன்:
நோமோட்செட்.
ஜோடனை வேண்டாம், இருக்கிறபடி நில்.

நின்றது.
மொத்தையான எழுத்து, தடித்த கோடு,
பலகையிலும் அதே லட்சணம்.
ஆனால் வீயராயி ஊரின் பெயரில்
இரண்டு காலிச் சதுரங்கள்.
தண்டில் கோடு வெட்டிய எங்கள் எழுத்து
இந்த எழுத்துருவில் இல்லை.

எழுத்துருவை மாற்றக் கை நீட்டுகிறேன்,
அதற்குள் வெளியே பார்ட்டலின் குரல்,
பலகையைப் பார்த்துச் சத்தமாய்:
"வீயராயி, ஆறு மணி!"
எங்கும் இடறவில்லை.
அந்த எழுத்தை நாங்கள் எழுதுவோம்,
உச்சரிப்பதில்லை.

சதுரங்கள் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

கூடையில் பூனையோடு ஒரு பெண் வந்து
டிக்கெட் கேட்டாள்.
பிரிண்டரில் தாள் தீர்ந்திருந்தது.
பதிவின் வாலைக் கிழித்து,
கழித்தல் இரண்டுக்குப் பின்பக்கத்தில்
கட்டணத்தைக் கையால் எழுதிக் கொடுத்தேன்.