நூற்றுக்கு எழுபத்தாறு பைசா

ஆடத் தெரிந்தவனுக்கு லாபம் வருமா என்று கேட்டேன்.
ஒட்டுப்பால் சாக்கைத் தைத்துக்கொண்டே
ஜஸ்டஸ் சொன்னார், "வரும்."
கப்பலில் பன்னிரண்டு வருடம்
போக்கர் மெஷின்களின் வயிற்றைத் திறந்து மூடிய கை.

இரண்டுகளெல்லாம் ஜோக்கராகும் ஒரு மெஷின்.
பிழையே விடாமல் ஆடினால்
நூறு போட்டவனுக்கு
நூறு ரூபாய் எழுபத்தாறு பைசா.
மணிக்கு அறுநூறு கை.
கொட்டாவி விட்டால் அந்தப் பைசாவும் போச்சு.
நாற்பத்தைந்தாயிரம் கைக்கு ஒருதரம் ராயல் விழும்;
விழும்வரை கையிருப்பு
வெயிலில் வைத்த உப்புமீன்போலச் சுருங்கும்.

"பின்ன, மணிக்கு எவ்வளவு தேறும்?"
"கால் டாலர் மெஷினில் ஐந்தே முக்கால் டாலர்.
எங்க கப்பலில் தட்டு கழுவினவனைவிடக்
கொஞ்சம் கூட."

ஒருத்தி இருந்தாளாம். கணக்கெழுதிப் பிழைத்தவள்.
தண்ணீர் மட்டும் குடிப்பாள்,
பயணத்துக்குப் பயணம் கொஞ்சம் எடுத்துப்போவாள்.
மேலே இருந்து உத்தரவு வந்தது.
சில்லை மாற்றியது இவர்தான்:
நாலும் ஒரே எண்ணாய் விழுந்தால்
ஐந்து என்று இருந்த இடத்தில்
நாலு.

அடுத்த பயணத்தில் வந்தாள்.
உட்காரவில்லை.
கண்ணாடிக்குள் இருந்த பட்டியலை
ஒருமுறை வாசித்தாள்,
கைப்பையை மூடினாள், போனாள்.

"அவளுக்குத்தான் ஆடத் தெரியும்,"
நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

வெளியே தூறல்.
மழை பெய்தால் பால்வெட்டு இல்லை.
குலசேகரத்து வானத்தில்
எந்தப் பட்டியலும் ஒட்டவில்லை.
நான் நாலு மணிக்கு அலாரம் வைத்தேன்.